நெகிழும் பட்டம், நெகிழாத விதி

ப்ளஸ் டூ முடிவு வந்த கையோடு அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும் பதினேழு வயதுப் பிள்ளை, வரலாறா, பொருளியலா, அரசியல் அறிவியலா என்று ஒரு கட்டத்தில் குறியிடுகிறது. அடுத்த மூன்று வருடத்துக்கு அந்தக் கட்டத்தை விட்டு நகர வழி குறைவு. பகுதி ஒன்றில் தமிழ், இரண்டில் ஆங்கிலம், மூன்றில் மேஜரும் அல்லைடும், நான்கில் சுற்றுச்சூழலும் மதிப்புக் கல்வியும், ஐந்தில் என்.எஸ்.எஸ். போன்ற விரிவாக்கப் பணி. தமிழ்நாட்டுப் பி.ஏ.வின் கட்டமைப்பு பொதுவாக இதுதான். விருப்பத்தேர்வு மதிப்பலகு (கிரெடிட்) முறை வந்தபோதும், மாணவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது ‘நான்-மேஜர் எலக்டிவ்’ என்ற சிறு தாள்கள்தான். பல கல்லூரிகளில் துறை எதைக் கொடுக்கிறதோ அதுவே மாணவரின் விருப்பம்.

கலை, சமூக அறிவியல் பாடங்களில் நெகிழ்வான இளங்கலைப் பட்டம் என்று இப்போது எல்லாப் பக்கமும் பேச்சு. பேச்சுக்குள் வெவ்வேறு சங்கதிகள் கலந்துகிடக்கின்றன. எப்போது, எங்கிருந்து, எத்தனை ஆண்டில் படிப்பது என்பது ஒன்று. எதையெல்லாம் சேர்த்துப் படிப்பது என்பது இன்னொன்று. யாரை உள்ளே விடுவது என்பது மூன்றாவது. தமிழ்நாடு முதலாவதை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே தாராளமாகத் தந்துவிட்டது. மூன்றாவதைத் தந்து, பிறகு பிடுங்கிக்கொண்டது. இரண்டாவதை ஒருபோதும் மனமுவந்து தரவில்லை. தடை பாடத்திட்டத்தில் இருப்பதைவிட வேலைக்கு ஆள் எடுக்கும் விதிகளில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் முடிவு.

கல்லூரி வாசலை மிதிக்காமல் பட்டம் பெறும் ஏற்பாடு புதிதல்ல. லண்டன் பல்கலைக்கழகம் 1858இல் தன் தேர்வுகளை எங்கே படித்தவரும் எழுதலாம் என்று திறந்துவிட்டது. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி தன் மாணவர்களை இந்த லண்டன் வெளிவாரிப் பட்டத்துக்குத்தான் தயார் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறக்கும்வரை அங்கே பட்டம் என்றால் பெரும்பாலும் லண்டன் பட்டம்தான். யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பலர் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே ‘லண்டன் பி.ஏ.’ எழுதிய கதைகள் அந்த ஊரின் குடும்ப வரலாறுகளில் நிறைய உண்டு. தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா பி.ஏ.வை முடித்ததும் அஞ்சல்வழியில், அந்நாட்டின் யூனிசா பல்கலைக்கழகத்தில்தான். ஆனால் லண்டன் தேர்வு வைத்தது, பாடம் சொல்லித் தரவில்லை. பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாளையும் வைத்துக்கொண்டு மாணவர் தானே முட்டி மோத வேண்டும். வசதியுள்ளவர் டியூட்டர் வைத்துக்கொண்டார்.

அந்தக் குறையை நேராகப் பார்த்து அமைத்தது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பிரதமர் ஹெரால்டு வில்சனின் எண்ணம், அமைச்சர் ஜென்னி லீயின் பிடிவாதம், 1969இல் அரச சாசனம், 1971 ஜனவரியில் 20,000க்கும் மேற்பட்ட முதல் மாணவர்கள். சேர எந்தச் சான்றிதழும் தேவையில்லை. பிபிசியில் பாடம் ஒளிபரப்பானது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. உள்ளே நடந்த ஏற்பாடுதான் நம் கவனத்துக்குரியது. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியர் ஒதுக்கப்பட்டார். மாணவர் எழுதி அனுப்பிய கட்டுரை, ஓரத்தில் பக்கம் பக்கமாகக் குறிப்போடு திரும்பி வந்தது. கோடையில் ஒரு வாரம் ஏதாவதொரு வளாகத்தில் கூடிப் படித்தார்கள். தொடக்க ஆண்டுகளில் அறிவியல் எடுத்தவருக்கும் பி.ஏ.தான். முதலில் ஒரு அடித்தளப் பாடம், பிறகு விரும்பிய துறைகளில் விரும்பிய பாடங்கள், மதிப்பலகு சேரச் சேரப் பட்டம். துறைப் பெயர் ஒட்டாத அந்த ‘ஓப்பன்’ பட்டத்தை இன்றும் எடுக்கலாம்.

தொலைவிலிருந்து படிப்பவருக்கு இரண்டாம் தரப் பாடம் போதும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. பண்பாட்டு ஆய்வின் பெரும்பெயரான ஸ்டூவர்ட் ஹால், 1979 முதல் 1997 வரை அங்கேதான் சமூகவியல் பேராசிரியர். சோனி வாக்மேன் என்ற ஒரே பொருளை வைத்துக்கொண்டு பண்பாட்டை எப்படி ஆராய்வது என்று சொல்லித் தரும் புத்தகம் ஒன்று 1997இல் அங்கே பாடநூலாக எழுதப்பட்டது. பின்னர் அது உலகெங்கும் வழக்கமான வளாகங்களிலும் பாடமாயிற்று. வளாகத்துக்கு எழுதிய நூலைச் சுருக்கித் தபாலில் அனுப்புவதுதான் நமக்குப் பழக்கம். அங்கே போக்குவரத்து எதிர்த்திசையிலும் நடந்தது.

அதே நிறுவனத்தை உலுக்கியது பணம். ஏற்கெனவே பட்டம் பெற்றவர் அதே நிலையில் இன்னொரு பட்டம் படிப்பதற்கான அரசு நிதி 2008இல் நின்றது. 2012இல் இங்கிலாந்தில் கட்டணம் பல மடங்கு உயர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே பகுதிநேர இளங்கலையில் சேர்வோர் எண்ணிக்கை பாதியளவுக்குச் சரிந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் கட்டணத்துக்கு முதலில் பயப்படுகிறவர். பாடத்திட்டம் எவ்வளவு நெகிழ்ந்தாலும் அவருக்கு அது இரண்டாம் கேள்விதான்.

இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தெற்கே மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் இறங்கியது. அண்ணாமலை 1979இலும் சென்னை 1981இலும் தொடர்ந்தன. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு நாட்டில் முதலில் வந்தது 1982இல் ஆந்திரத்தில். 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் 2002இல் வந்தது.

யார் படித்தார்கள்? இடைநிலை ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், காவலர், கல்யாணத்தால் படிப்பை நிறுத்திய பெண், ஜவுளிக்கடையில் நின்றபடி மனோரமா இயர்புக் புரட்டிய இளைஞர். பெரும்பாலோர் எடுத்தது பி.ஏ. ஆய்வுக்கூடம் வேண்டாம் என்பது ஒரு காரணம். தமிழில் எழுதலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். கல்லூரியில் தமிழ்வழி என்பது 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் கலைப் பாடங்களில்தான் முதலில் அடியெடுத்து வைத்தது. அதற்காகத் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970களில் வரலாறு, பொருளியல், உளவியல், தத்துவம், புவியியல் எனக் கல்லூரி நூல்களை நூற்றுக்கணக்கில் வெளியிட்டது. அந்தத் தலைமுறைப் பேராசிரியர்களின் தமிழ் சில இடங்களில் முரடாக இருக்கும், ஆனால் பாடம் தெரிந்தவர்கள் எழுதியது. பின்னாளில் அஞ்சல்வழி மாணவருக்கு வந்த கட்டுகளைப் பார்த்தால் அந்த நூல்களின் அருமை புரியும். ‘ஐந்து மதிப்பெண் வினா, பத்து மதிப்பெண் வினா’ என்ற அளவில் வெட்டிய குறிப்புகளாகவே பல கட்டுகள் இருந்தன. வார இறுதியில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் நேர்முக வகுப்பு. வந்தவர் பாதி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர் மீதி.

அஞ்சல்வழிக் கல்வியைப் பட்டம் விற்கும் கடை என்று ஒரே வீச்சில் ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் முதல் பட்டதாரி என்று சொல்லிக்கொள்ளும் பலருக்கு அந்த வாசல்தான் திறந்திருந்தது. ஆசிரியர்கள் படித்ததற்கு ஊக்க ஊதிய உயர்வும் ஒரு தூண்டுகோல். அரசு ஊழியருக்கான அந்தச் சலுகை 2020இல் நிறுத்தப்பட்டது. ஆனால் கல்லூரிக் கட்டடங்களைப் பராமரிக்கக்கூட அஞ்சல்வழி வருமானத்தையே பல்கலைக்கழகங்கள் நம்பத் தொடங்கியபோது, சேர்க்கை மையங்கள் தெருவுக்கு ஒன்றாய் முளைத்ததும், வேறு மாநிலங்களில்கூடக் கிளை பரப்பியதும் உண்மை.

யாரை உள்ளே விடுவது என்ற கேள்விதான் முதலில் வெடித்தது. பத்தாம் வகுப்போ ப்ளஸ் டூவோ முடிக்காதவர், வயதை மட்டும் தகுதியாகக் காட்டி நேரடியாகப் பட்டப்படிப்பில், சில இடங்களில் நேரடியாக எம்.ஏ.விலேயே, சேர்ந்தார். அடிப்படைப் பட்டம் இல்லாமல் பெற்ற எம்.ஏ. செல்லாது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பிறப்பித்த 107ஆம் எண் அரசாணை, பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்றது. டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கை படிக்கும் யாருக்கும் ‘10+2+3’ மனப்பாடம்.

நேரடி எம்.ஏ.வைத் தடுத்தது சரி. ஆனால் அரசாணை அதோடு நிற்கவில்லை. பள்ளிப் படிப்பு அறுந்துபோன ஒரு நாற்பது வயதுக்காரர், ஆயத்தப் பாடம் ஒன்றைத் தேறி, பிறகு முறையாக மூன்று ஆண்டு பி.ஏ. படித்திருந்தாலும் அரசு வேலைக்கு அது காகிதம்தான். திறந்தநிலை என்ற கருத்தின் உயிர்நாடியே அந்த மனிதர்தான். பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியதே அவருக்காக. இங்கே மோசடியைத் துரத்தப் போய் அவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டோம். இப்போது அவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தும் பன்னிரண்டும் எழுதிவிட்டு வர வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு ஆள்வரை எல்லை, நாக் தரமதிப்பீட்டுக் குழுவின் மதிப்பெண், ஆண்டுதோறும் அங்கீகாரம் என்று ஒவ்வொன்றாக இறுக்கியது. 2015 முதல் அனுமதியின்றித் தொலைநிலைப் படிப்புகள் நடத்தப்படுகின்றன என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லியே 2022இல் பொது அறிவிப்பு வெளியிட்டது. நிறுவனத்துக்கும் குழுவுக்கும் நடந்த வழக்கில் நடுவே நின்றவர் மாணவர். அதே 2022 செப்டம்பரில், அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் வளாகப் பட்டத்துக்குச் சமம் என்றும் அறிவித்தது. அங்கீகாரம் பெற்ற என்ற இரண்டு சொற்களில்தான் எத்தனையோ பேரின் மூன்று வருடங்கள் தொங்குகின்றன.

எதைப் படிப்பது என்ற விவாதத்துக்கு அமெரிக்காவில் ஒரு முன்கதை உண்டு. ஹார்வர்டில் 1869 முதல் நாற்பது ஆண்டு தலைவராக இருந்த சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களை ஏறக்குறைய முழுவதும் ஒழித்தார். மாணவர்கள் அடிப்படைப் பாடங்களாகவே பொறுக்கி எடுத்து, ஆழமில்லாமல் வெளியேறினார்கள் என்று முணுமுணுப்பு எழுந்தது. அடுத்து வந்த லோவல், ஒரு துறையில் ஆழம், மற்றவற்றில் பரவல் என்ற இருகால் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். இன்று மேஜர், மைனர் என்று நாம் பேசுவதெல்லாம் அந்த வழியில் வந்ததே.

நம் நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் 2013இல் நான்காண்டுப் பட்டத்தை அவசர அவசரமாகக் கொண்டுவந்து, எல்லோருக்கும் பதினொரு அடித்தளப் பாடங்களைத் திணித்தது. நெகிழ்ச்சி என்று பெயர். வரலாறு படிக்க வந்தவர் பள்ளிக் கணக்கைத் திரும்பப் போட்டார். எதிர்ப்பு வலுத்து 2014 ஜூனில் திட்டம் கைவிடப்பட்டது. தேசியக் கல்விக் கொள்கை 2020 அதை வேறு உடையில் அழைத்து வந்தது. ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டில் டிப்ளமா, மூன்றில் பட்டம், நான்கில் ஆனர்ஸ். 2022 டிசம்பரில் வந்த வரையறைப்படி மூன்று ஆண்டுக்கு 120 மதிப்பலகு, நான்குக்கு 160. வெளியேறியவர் மூன்று ஆண்டுக்குள் திரும்பலாம், மொத்தம் ஏழு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். ஈட்டிய மதிப்பலகுகளைச் சேமித்து வைக்க 2021இல் ஒரு ‘வங்கி’யும் திறந்தார்கள். டெல்லி 2022இலும் கேரளம் 2024இலும் நான்காண்டுக்கு மாறின. தமிழ்நாடு மூன்றாண்டிலேயே நிற்கிறது.

இடைநிற்றலுக்குச் சான்றிதழ் கொடுப்பதே இது என்பது தமிழ்நாட்டின் எதிர்ப்பில் முக்கியமான வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஓராண்டு சமூகவியல் படித்த சான்றிதழை எந்த முதலாளி மதிப்பார்? குடும்பக் கஷ்டத்தில் நிற்கும் பெண்ணிடம் ‘ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டியே, போதும்’ என்று வீடு சொல்வதற்கு வாகான ஏற்பாடு. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் நாட்டுக்கு 28.4, தமிழ்நாட்டுக்கு 47. இழப்பதற்கு நமக்கு அதிகம் உண்டு. ஆனாலும், வெளியேறும் வாசலை மறுத்ததோடு பாடத் தெரிவையும் சேர்த்து மறந்துவிட்டோம். மூன்று ஆண்டுக்குள்ளேயே வரலாறும் பொருளியலும் சம பங்காகப் படிக்கும் பட்டத்துக்கு யார் தடை? இக்னோவின் பழைய பொது பி.ஏ. அதைத்தான் செய்தது. மொத்தம் 132 மதிப்பலகு, இரண்டு துறைகளிலிருந்து தலா நான்கு மையப் பாடங்கள், மூன்று முதல் ஆறு ஆண்டுக்குள் முடிக்கும் அவகாசம். அந்த மாதிரியை நம் பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளவே இல்லை.

கண்டுகொள்ளாததற்குக் காரணம், முன்னே சொன்ன வேலை விதிகள். தமிழ்நாட்டில் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமானால் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும். பி.ஏ. வரலாறு, எம்.ஏ. பொருளியல் என்று படித்தவர் ‘கிராஸ் மேஜர்’. எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும் பட்டியலில் இடமில்லை. பட்டத்தின் பெயரில் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும், அது மூலப் பாடத்துக்கு இணை என்று குழு கூடி அரசாணை வர வேண்டும். இணைத்தன்மைக்காகச் சென்னைக்கு அலைந்தவர்களைக் கேட்டால் இந்தக் கட்டுரையைவிட நீளமாகப் பேசுவார்கள். பட்டதாரிகள் கூடுதலாக ஒரே ஆண்டில் வாங்கிய ‘இரட்டைப் பட்டம்’ ஆசிரியர் பதவி உயர்வுக்குச் செல்லுமா என்ற தகராறு உயர் நீதிமன்றம்வரை போய், செல்லாது என்று முடிந்தது. அந்தத் தீர்ப்பில் தவறு காண முடியாது. ஓராண்டில் ஒரு துறை கைவராது. ஆனால் அதிலிருந்து பெற்றோரும் மாணவரும் கற்ற பாடம், எடுத்த மேஜரை விட்டு அகலாதே என்பதுதான்.

தமிழ்வழியில் படித்தோருக்கு 2010 சட்டம் தந்த 20 விழுக்காட்டு ஒதுக்கீடும் நெகிழ்ச்சிக்கு எதிராகத் திரும்பியது. பின்னர் வந்த விதி ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்றது. நடுவில் எங்காவது மொழி மாறியவர் வெளியே. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் பெறுவதும் வளாகத்தில் முழுநேரம் படிப்போர்தான். தொலைநிலையில் சேர்ந்த அரசுப் பள்ளிப் பெண்ணுக்கு அது கிடையாது. பெரும்பாலும் அவளுக்குத்தான் அந்தப் பணம் அதிகம் தேவை. இவற்றில் ஒரு விதிகூடப் பாடத்திட்டக் குழுவில் எழுதப்பட்டதல்ல. ஆனால் எந்தப் பாடத்திட்டக் குழுவையும்விட வலுவாக, எப்படிப் படிக்க வேண்டும் என்று இவை சொல்லித் தருகின்றன.

கற்பித்தலுக்கு வருகிறேன். சமூகவியலோ வரலாறோ தகவல் தொகுப்பாக இருந்தால் தபாலில் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு வாதத்தைக் கட்டுவதும் பிறர் வாதத்தில் ஓட்டை காண்பதும் எழுதி, திருத்தப்பட்டு, மறுபடி எழுதித்தான் வரும். இக்னோவில் ஒப்படைப்புகளுக்கு 30 விழுக்காடு மதிப்பெண் வைத்ததன் நோக்கம் அதுவே. பாடப் புத்தகங்களும் நல்லவை. சிவில் சர்வீஸ் தேர்வுக்குத் தயாராவோர், இக்னோவில் சேராமலே அதன் வரலாற்றுக் கட்டுகளைத் தேடிப் படிப்பது பல்லாண்டு வழக்கம். ஆனால் ஒப்படைப்பை விடையோடு விற்கும் கடைகள் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. திருத்துகிறவரும் ஒரே விடையை இருநூறு முறை பார்த்துச் சலித்து, ‘குட்’ என்று எழுதி மதிப்பெண் போடுகிறார். செயற்கை நுண்ணறிவு அந்தக் கடைக்காரரின் பிழைப்பைக் கெடுத்தது தவிர நிலைமையில் பெரிய மாற்றமில்லை. தொலைநிலைக்கு ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவிடலாம் என்று அரசு வந்தால், புது ஸ்டுடியோவும் செயலியும் வேண்டாம், கட்டுரையைப் படித்து ஓரத்தில் எழுதும் ஆசிரியருக்கு அதைக் கொடுங்கள் என்பேன். 2021-22 கணக்குப்படி நாட்டின் 4.33 கோடி உயர்கல்வி மாணவரில் சுமார் 45 லட்சம் பேர் தொலைநிலையில் இருக்கிறார்கள். இளங்கலையில் மூவரில் ஒருவர் கலைப் பாட மாணவர். ஓரம் கட்டிவிடக்கூடிய கூட்டமல்ல.

சேர நினைப்பவருக்குச் சில நடைமுறைகள். பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டு நம்பாமல், குறிப்பிட்ட படிப்புக்கு, சேரும் பருவத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பார்க்க வேண்டும். அரசு வேலையோ ஆசிரியப் பணியோ குறி என்றால், அங்கே கேட்கும் பாடப் பெயர் எழுத்துக்கு எழுத்து பட்டத்தில் வருமா என்று முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. முதுகலையும் அதே பாடத்தில் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். குடிமைப் பணித் தேர்வு குறியென்றால் எந்தப் பட்டமும் போதும். அங்கே இரு துறைப் பட்டம் சுமையே அல்ல, பொது அறிவுத் தாளுக்கு அரைவாசித் தயாரிப்பு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 முதல் மானியக் குழு அனுமதிக்கிறது. வளாகத்தில் பி.காம். படித்துக்கொண்டே தொலைநிலையில் பி.ஏ. தமிழ் படிப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு தேர்வும் ஒரே தேதியில் வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பாடு.

வேலைக்கும் பதவி உயர்வுக்கும் தொடர்பில்லாமல் படிக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்ட அம்மா, சமூகவியல் தெரிந்துகொள்ள விரும்பும் ஆட்டோ ஓட்டுநர். 107ஆம் அரசாணையும் கிராஸ் மேஜரும் இவர்களைத் தொடுவதில்லை. எந்தத் துறையோடு எந்தத் துறையையும் சேர்த்துப் படிக்கும் சுதந்திரம் இன்று இங்கே உண்மையில் இருப்பது இவர்களுக்கு மட்டும்தான். தமிழில் இவர்கள் படிக்கத் தக்க பாடநூல் வேண்டும் என்றால், பாடநூல் நிறுவனத்தின் அந்தப் பழைய வரிசையைத் திருத்தி, புது ஆய்வுகளைச் சேர்த்து, மறுபடி அச்சேற்றுவதில் தொடங்கலாம்.